வாய் நிறைய ஆணி

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். கையில் இருக்கும் போனைக் கவிழ்த்து வையுங்கள், அது எங்கும் ஓடிவிடாது. தேரும் இல்லாமல், யானையும் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் நடந்து முடிந்த ஒரு மகா யுத்தத்தைச் சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள். ரத்த ஆறு ஓடவில்லை, ஒருவனுடைய கீழுதட்டில் மட்டும் லேசாக ஒரு கீறல்.

வாழ்க அவன்! கிழிந்த சோபாக்களுக்கு மறுபிறவி அளிக்கும் பெருங்கொடையாளன். பஞ்சும் நாரும் படைத்தளபதிகளாகப் பணிந்து நிற்க, ரெக்சின் துணியை ஒரே இழுப்பில் அடக்கும் திண்தோளன். ஒன்பது கத்தரிக்கோல்களில் எது மழுங்கியது என்று தொட்டே அறியும் நுண்விரலன். கைப்பேசிக் களத்திலே ‘வேங்கை’ என்னும் விருதுப்பெயர் தாங்கியவன். பகைவரோடு பொருதவர் பலர் இருக்க, தன் நாக்கோடு தானே பொருத தனிப்பெரும் வீரன் வாழ்க! அந்தப் போரில் அவன் வென்றானா தோற்றானா என்று இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், ஆகையால் சொல்லமாட்டேன்.

வேலை நேரத்தில் பார்த்தால், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்பீர்கள். தைத்துக் கொடுத்த நாற்காலியை ஒரு அம்மாள் மறுபடியும் மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்து, “ஒரு பக்கம் பள்ளமா இருக்கேப்பா” என்பாள். “சரிம்மா, இன்னும் கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தர்றேன்” என்பான். முகம் சுளிக்கமாட்டான். அப்பேர்ப்பட்ட சாதுதான், ஹெட்செட்டைக் காதில் மாட்டிய மறுகணம், அணை உடைந்த பேராறு போலவும், மூடி பறந்த கொதிகலன் போலவும், கூடு கலைந்த குளவிக் கூட்டம் போலவும், எதிர்ப்பட்டவன், எதிர்ப்படாதவன், எதிர்ப்படுவான் என்று ஐயப்பட்டவன் ஆகிய மூவகையாரையும் வசைமாரியால் நனைத்து, அவர்களுடைய குலம், கோத்திரம், கண்பார்வை, கல்வி அனைத்தையும் கேள்விக்கு உள்ளாக்கி முழங்குவான்!

அவர்கள் ஆடிய ஆட்டம் இதுதான். ஒரு தீவில் குடை விரித்துக் குதிக்க வேண்டும், கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும், கடைசிவரை எஞ்சி நிற்கும் அணிக்கே வாகை. அந்தத் தீவில் வேங்கையின் வாய்க்குத் தப்பியது ஒன்றும் இல்லை. வழியை மறித்த தென்னை மரத்தைத் திட்டினான். ஏற முடியாத மாடிப்படியைத் திட்டினான். மெதுவாக ஓடும் இணையத்தை, அதன் தாய்வழிப் பாட்டன்வரை திட்டினான். புகார்கள் குவிந்து, ஆட்டத்தை நடத்துவோரே ஒருமுறை அவன் குரலுக்கு முத்திரை வைத்து, ஒரு வாரம் ஊமையாக்கினார்கள்.

இத்தனைக்கும் அந்த வசையால் அவனுக்குப் பயன் உண்டா? கேளுங்கள். ஏசுவதற்கு மூச்சு வேண்டும், மூச்சு வாங்க நிற்க வேண்டும், நின்றவனைச் சுடுவது சுலபம். வேங்கை மாண்ட மரணங்களில் முக்கால்வாசி, வாக்கியத்தின் நடுவில் நேர்ந்தவை.

அவன் அணியில் மூவர். ஒருவன் வேங்கை. இன்னொருவர் அவனுடைய அத்தான், அதாவது அக்காளின் கணவர். ‘புதர்’ என்று எல்லாரும் அழைக்கும் பதுங்குகலை வல்லவர். ஆட்டம் தொடங்கியதும் ஒரு செடிக்குள் புகுந்தால், முடியும்போதுதான் வெளியே வருவார். மூன்றாமவள் அவனுடைய அக்கா. வீழ்ந்தவரைக் கைதூக்கி உயிர்ப்பிக்கும் மருந்துப்பெட்டி அவளிடம் இருந்தது. ஆகவே அந்தத் தீவில் அவளே காக்கும் தெய்வம், அவளே சஞ்சீவி.

அக்கா வாக்கப்பட்டுப் போனது வெகு தூரம். சாதாரணமாகப் போனில் பேசினால் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சே ஓடாது. “அப்புறம்?” “நீதான் சொல்லணும்.” “ஒண்ணுமில்ல.” “சரி, வெச்சிடவா?” அவ்வளவுதான். ஆனால் அந்தத் தீவில் குதித்துவிட்டால், “டேய், இடது பக்கம் பாரு”, “அக்கா, குண்டு தீர்ந்துபோச்சு”, “இந்தா, வாங்கிக்கடா தடியா” என்று ஒரு மணி நேரம் ஓயாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில்தான் அவர்கள் உடன்பிறப்புகளாக வாழ்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதற்குத்தான் கேடு வந்தது.

ஒரு ஞாயிறு, வேங்கை அடிபட்டு வீழ்ந்து கிடக்க, அக்கா முதலில் தன் கணவரைத் தூக்கிவிடப் போனாள். அதற்குள் வேங்கைக்கு ஆயுள் தீர்ந்தது. வெகுண்டான்! கண் சிவந்தான்! தன் ஆயுதசாலையின் அடித்தளத்தில், மற்ற வசைகளே ஒதுங்கி வழிவிடும் தனியறையில் வைத்திருந்த தலைமை அஸ்திரத்தை உருவி, அக்காளை நோக்கியே எய்தான். அந்தச் சொல் என்ன என்று கேட்காதீர்கள், என் வாயில் வராது. கேட்பவருடைய தாயாரைக் குறித்தது என்பதுவரை சொல்லலாம்.

இங்கேதான் கண்ணுகளா, உலகில் எந்த வில்லாளியும் செய்யாத பிழையை அவன் செய்தான். அக்காளுக்குத் தாய் யார்?

அந்தத் தாயார் துவைத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தாள்.

“அவளோட அம்மாவைச் சொன்னியே,” என்றாள் தாயார், குரலை உயர்த்தாமல். “அது யாருடா?”

வேங்கை ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து கழற்றினான்.

“நான்தானே?”

காதுக்குள் அக்காவின் குரல் கேட்டது. “இதைக் கேக்கத்தான் வாராவாரம் வேலையைப் போட்டுட்டு வந்து உக்கார்றேனா? நீயே விளையாடிக்கோப்பா.” அவள் ‘டா’ போடவில்லை, ‘ப்பா’ என்றாள். அந்த ஓரெழுத்து மாற்றத்தில் வேங்கையின் நெஞ்சில் ஆயிரம் வேல் பாய்ந்தது. திரையில் அவள் பெயர் சாம்பல் நிறமாயிற்று.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை என்னென்று சொல்வேன்! அக்காவின் போனுக்குக் கைகூப்பும் பொம்மைகளை அனுப்பினான், அவள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். தாயாரோ தட்டை வைப்பாள், பரிமாறுவாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். கடைசியில் அத்தான் தூது வந்தார். இரு பெரும் அரசுகளுக்கிடையே உடன்படிக்கை எழுதும் அமைச்சரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு இவ்வாறு அறிவித்தார்:

“மாப்ள, ஒரே ஒரு ஆட்டம். ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சு, போன்லேருந்து இந்த விளையாட்டையே அழிச்சிடுவாளாம். என் போன்லேருந்தும் அழிக்கச் சொல்லுவா. என் பொழப்பையும் யோசிச்சுப் பாரு.”

அந்த நாளும் வந்தது. வேங்கை வீட்டோடு ஒட்டிய தன் பட்டறையில், அரைகுறையாகத் தோலுரித்த ஒரு மூவர் சோபாவின்மேல், ஸ்பிரிங்குகள் இருபுறமும் சுருள்வாள்களாய் நீட்டி நிற்க, சார்ஜர் கயிறு எட்டாத காரணத்தால் ஒருபக்கம் சாய்ந்து, சங்கிலியிட்ட களிறு போல வீற்றிருந்தான். பகை வெளியே இல்லை. முப்பத்திரண்டு பற்கள் என்னும் கோட்டை மதிலுக்குள், ஈரமும் இளக்கமும் உடைய, எலும்பில்லாத, எவருக்கும் அடங்காத கொடுங்கோலனாக அது புரண்டுகொண்டிருந்தது.

அதை அடக்க அவன் செய்த யாகங்கள் கொஞ்சமா? முந்தின நாள் தனியாக ஆடி ஒத்திகை பார்த்தான். கிராம்பை வாயில் போட்டு ஆடினான், முதல் துப்பாக்கிச் சத்தத்திலேயே கிராம்பு கடிபட்டுத் தூளாயிற்று, அந்தக் காரத்துக்கு ஒரு வசை போனது. தண்ணீரை வாய் நிறைய வைத்துக்கொண்டு ஆடினான், தண்ணீரும் வசையும் சேர்ந்தே வந்து போனை நனைத்தன. கைக்குட்டையால் வாயைக் கட்டிப் பார்த்தான். கைக்குட்டை வழியாகவும் அந்தச் சொல் தெளிவாகவே கேட்டது. அவ்வளவு தேர்ந்த உச்சரிப்பு!

வேறு வழி தெரியாமல் இப்போது சோர்ந்து சாய்ந்தவன் கண்ணில், பலகையின்மேல் இருந்த தகரடப்பா பட்டது. அதில் பொடி ஆணிகள்.

சோபா தைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், மறுகையில் சுத்தியல் இருக்கும், ஆணி எடுக்க மூன்றாவது கை ஏது? ஆகவே ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கு ஒவ்வொன்றாகத் தள்ளி உதட்டில் நிறுத்தும், காந்தச் சுத்தியல் வந்து கவ்விக்கொண்டு போகும். நாக்குக்கு ஆணி வேலை இருக்கும்வரை வேறு வேலை ஓடாது. (நீங்கள் யாரும் செய்து பார்க்காதீர்கள். அது பழகிய வாய்.) கடையில் அவன் சாதுவாக இருந்ததன் ரகசியமும் இதுதான்!

எழுந்தான் வேங்கை. ஒரு பிடி ஆணியை அள்ளினான். அம்புகளை அம்பறாத்தூணியில் நிரப்பும் வீரனைப் போல, முன்பு வசைகள் குடியிருந்த அதே வாயில், கூரிய, குளிர்ந்த, இரும்பின் சுவையுடைய அந்தச் சிறுபடையை நிறுத்தினான். உதடு மூடிற்று. கோட்டைக் கதவு அடைபட்டது.

குடைகள் விரிந்தன. மூவரும் தீவில் இறங்கினார்கள். அத்தான் இறங்கிய இடத்திலேயே ஒரு புதருக்குள் மறைந்தார்.

“மாப்ள, வந்துட்டியா?”

“ம்.”

“என்னய்யா, பேச்சே காணோம்? உடம்பு சரியில்லையா?”

“ம்ம்-ம்.”

“நெட்டு போச்சா?”

அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் காவலுக்கு அமர்ந்திருந்தாள், ஒரு சொல் தவறட்டும் என்று.

அவ்வேளையில் வேங்கைக்கு வெடிகுண்டு தேவைப்பட்டது. எதிரே ஒரு வீட்டுக்குள் பகைவர் மூவர். கேட்க வாயில்லை. மூக்கால், கொஞ்சம் தூக்கி, ஒரு வெட்டு வெட்டினான்: “ம்ஹு!”

“என்னாது?” என்றார் அத்தான். “தும்மினியா?”

“ம்ஹு! ம்ஹு!”

முதல் முறையாக அக்கா பேசினாள். அவனிடம் அல்ல, கணவரிடம். “சுத்தியல் கேக்கறான்.”

“சுத்தியலா? இந்த ஆட்டத்துல ஏது சுத்தியல்?”

“அடிக்கிறதுக்கு ஏதாவது வேணுமாம். உங்ககிட்ட வெடிகுண்டு இருக்குல்ல, தூக்கிப் போடுங்க.”

எப்படி அறிந்தாள் அவள்? சொல்கிறேன். அவர்களுடைய தகப்பனாரும் இதே தொழில்தான். வாய் நிறைய ஆணியோடு மூக்காலேயே குடும்பம் நடத்தினவர். மேலே தூக்கி வெட்டினால் சுத்தியல். இரண்டு குட்டி முனகல் என்றால், ‘ஆளுக்கு ஒரு பக்கமாத் துணியை இழுத்துப் பிடிங்க.’ நீளமாக இழுத்து இறக்கினால், ‘போதும், விடு.’ இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துவிட்டார்! அந்த மொழி அந்த ஆட்டத்தில் இப்போது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மருந்துப்பெட்டியோடு மலைச்சரிவில் நிற்கிறாள், ஒருவன் ஆணி கவ்விக்கொண்டு சோபாவில் சாய்ந்திருக்கிறான்.

“என்ன, வாயில ஆணியா?” என்றாள் அக்கா.

“ம்.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவளுடைய மூச்சு ஒரு நூலளவு இளகியது.

அதன்பின் மூண்டது பாருங்கள் போர்! வேங்கை இரண்டு குட்டி முனகல் முனக, அக்கா வலப்புறமும் அவன் இடப்புறமுமாக, ரெக்சின் துணியை இரு முனையிலும் பற்றி இழுப்பதுபோலப் பகைவரை நடுவில் வைத்து இறுக்கினார்கள். ஒரு அணி மடிந்தது. மறு அணி மடிந்தது. வாய்க்கு வேலை இல்லாததால் கைக்கு வேலை மிகுந்து, திட்டுவதற்கு நிற்காததால் குண்டுக்கு அகப்படாமல், தன் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடினான் வேங்கை. மூக்கொலி ஒவ்வொன்றும் முரசொலியாயிற்று!

இறுதியில் தீவில் எஞ்சியது அவர்களும் இன்னும் ஒருவனும்தான். அந்த ஒருவனின் விருதுப்பெயர் ‘எரிமலை’. கிட்ட வந்தால் பகைவர் குரலும் நம் காதில் விழும், நம் குரலும் அவர்களுக்குக் கேட்கும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. மடிந்தவன்கூட ஆட்டம் கலையும்வரை கேட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கலாம். அவன் குரல் முதலில் வந்தது, அவன் பின்னால் வந்தான்.

“யாருடா அங்க ஊமைக்கோட்டான் மாதிரி முனகறது? பயத்துல வாயி கட்டிப்போச்சா? வாடா வெளியே!”

ஆணிகள் ஒன்றோடொன்று உரசின. “ம்ம்ம்ம்,” என்றான் வேங்கை.

“மாடு கத்துது பாரு!”

நாக்கு திமிறியது. நூறு விடைகள், ஒன்றைவிட ஒன்று அருமையாக, கழுத்துவரை வந்து வரிசையில் நின்றன. ஒரு கலைஞனுக்கு இதைவிடச் சித்திரவதை உண்டா, சொல்லுங்கள்! அவன் விழுங்கினான். கவனமாக, ஆணியை விட்டுவிட்டு மற்றதை மட்டும். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு தோட்டா பாய்ந்து வேங்கை வீழ்ந்தான்.

முன்பு போலவே வீழ்ந்து கிடந்தான். முன்பு போலவே ஆயுள் கரைந்தது. ஆனால் அக்கா இம்முறை ஓடி வந்தாள். வெட்டவெளியில், மறைப்பு ஏதும் இல்லாமல், மருந்துப்பெட்டியைத் திறந்தாள்.

“இரு. தோ, வந்துட்டேன்.” இப்போது அவனிடமே பேசினாள்.

அவள் குரல் எரிமலையின் காதிலும் விழுந்தது. “ஓ, பொண்ணா! உனக்கெல்லாம் எதுக்கு இது? போ, போய் வேற வேலையிருந்தா பாரு!” என்று கொக்கரித்து அவளையும் சுட்டு வீழ்த்தினான். வீழ்ந்த இருவர் தலைமாட்டிலும் வந்து நின்றான். நின்று, நிதானமாக, மூச்சை நன்றாக உள்ளிழுத்து, அவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான்.

அதே சொல். வேங்கையின் தலைமை அஸ்திரம். அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசி எழுத்தில் அதே அழுத்தம். தன் பட்டறையில் தீட்டிய வாள் இன்னொருவன் கையிலிருந்து தன் வீட்டு வாசலுக்கே வருவதை அவன் கண்டான். எந்தத் தாயாரைக் குறித்து அது எய்யப்பட்டதோ, அந்தத் தாயார் அப்போது கதவருகில் நின்றுகொண்டு, உலர்ந்த சட்டை ஒன்றை மடித்தபடி, மகனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்செட்டுக்குள் ஒலித்தது அவளுக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. இவ்வளவு அசிங்கமாகவா இருக்கும் இது?

எரிமலை இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பேச நின்றான், நின்றபடியே நின்றான். பக்கத்திலேயே, எவனும் கவனிக்காத ஒரு சிறு புதரிலிருந்து, ஆட்டம் தொடங்கிய நாழிகை முதல் அசையாதிருந்த அத்தான், பயத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ தெரியவில்லை, அவரிடம் மிச்சமிருந்த ஒரே வெடிகுண்டு உருண்டு வந்து எரிமலையின் காலடியில் நின்றது.

இடித்தது வானம்! அதிர்ந்தது தீவு! வாக்கியத்தின் நடுவில் மாண்டான் எரிமலை!

“ஜெயிச்சுட்டமா?” என்றார் அத்தான் புதருக்குள்ளிருந்து. “நானா?”

பொன்மழை பொழிந்தது திரையில். ஆனால் உண்மையான போர் அப்போதுதான் தொடங்கிற்று. தோற்றவனை வென்றவன் ஏசும் நேரம் அது. வேங்கை தன் வாழ்நாளில் தவறவே விடாத நேரம். எரிமலை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான், வரப்போவதை எதிர்பார்த்து. வேங்கை நிமிர்ந்தான். உள்ளங்கையை நீட்டினான். ஒவ்வொன்றாக ஆணிகளை உமிழ்ந்தான். கடைசி ஆணி கீழுதட்டைக் கீறிக்கொண்டு விழுந்தது. கோட்டை திறந்துகிடந்தது, காவல் இல்லை. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். “மாப்ள, வேண்டாம், என் பொழப்பு…” என்றார் அத்தான். தாயார் மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள். கடல் பொங்குவதற்குமுன் கரையிலிருந்து நீர் பின்வாங்குவதுபோல, புயலுக்குமுன் இலைகள் அசைவற்று நிற்பதுபோல, ஈரேழு உலகமும் செவி சாய்க்க, எழுந்தது நா, விரிந்தது வாய், வேங்கை சொன்னான்:

“அக்கா, சாப்டியா?”

முந்திக்கொண்டு வேறொரு குரல், சின்னதாக, கொஞ்சம் குழம்பிப்போய்: “இல்ல… இன்னும் சாப்பிடல.”

“உன்னைக் கேக்கலடா!” என்றாள் அக்கா, அப்படியே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “மணி ரெண்டாகுது, போய்ச் சாப்பிடு போ. வாயில வந்ததையெல்லாம் பேசிக்கிட்டு.”

எரிமலை அணைந்தான். சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா சொன்னாள்: “இனிமேதான்டா சாப்பிடணும், தடியா. அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஆணியோடயே வா, அப்பத்தான் நீ பேசறது புரியுது.” அவன் பதிலுக்கு நீளமாக இழுத்து இறக்கி ஒரு “ம்ம்ம்” சொன்னான். ஆணி இல்லாமலேயே.

கதவருகே தாயார் சட்டையை மடித்து முடித்திருந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். “உதட்டுல ரத்தம் வருது. கொப்புளிச்சிட்டு வா, தட்டு வெச்சிருக்கேன்.”

கதை கேட்ட என் கண்ணுகளே! உங்கள் இல்லங்களில் சொல் வளமும் சோற்று வளமும் குன்றாதிருப்பதாக. நீங்கள் எய்யும் அம்புகள் எல்லாம் திரைக்குள்ளேயே நின்றுபோவதாக. தொலைவில் இருக்கும் உங்கள் உடன்பிறப்புகளின் பெயர்கள் ஒருநாளும் சாம்பல் நிறமாகாதிருப்பதாக. வாசல்தோறும் சிரிப்பும், வாய்தோறும் இன்சொல்லும், குலந்தோறும் கேண்மையும் தழைத்தோங்குவதாக.

சரி, நேரமாச்சு, எழுந்து போய்ச் சாப்பிடுங்க.